பழைய ஃபெல்ட் பொம்மையின் வரலாற்றை அதன் முகத்தில் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஃபெல்ட் என்ற கம்பளித் துணியில் செய்த பழைய பொம்மை ஒன்று கைக்கு வந்தால் பெரும்பாலானோர் முதலில் செய்வது சட்டையைத் தூக்கி லேபிள் தேடுவதுதான். இருந்தால் துள்ளுவார்கள், இல்லையென்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நூறு வருடத்தில் காகித அட்டை கிழிந்துவிடும், ரிப்பன் அவிழ்ந்துவிடும், உள்ளங்காலில் குத்திய முத்திரை தேய்ந்தே போய்விடும். அப்புறம், ஒரு பொம்மையின் லேபிளைப் பிரித்து இன்னொன்றில் தைக்க ஐந்து நிமிடம் போதும். முகத்தை அப்படி மாற்றிவிட முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் லேபிள் கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும். முதலில் துணி, பிறகு முகம், அதன் பிறகு கையும் கழுத்தும். ஒவ்வொன்றையும் பார்க்கும்போதே ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்து என்று இந்தப் பொம்மைகளின் கதையும் கூடவே வந்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நூறு வயதைக் கடந்ததைத்தான் பொதுவாக ‘ஆன்ட்டிக்’ என்பார்கள். 1920களின் இத்தாலியப் பொம்மைகள் இப்போதுதான் அந்த வாசலைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. 1930களில் செய்தவை இன்னும் ‘விண்டேஜ்’தான். விற்பவர்கள் எல்லாவற்றையும் ஆன்ட்டிக் என்றே சொல்வார்கள். காதில் வாங்கிக்கொள்ளுங்கள், பணம் கொடுக்கும்போது மறந்துவிடுங்கள்.

படி 1: துணியைத் தொட்டுப் பாருங்கள்

ஃபெல்ட் நெய்த துணி கிடையாது. நெசவாளர் பேச்சில் சொன்னால் அதில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஆட்டு ரோமத்தின் ஒவ்வொரு இழையிலும் மீன் செதில்போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், உரசல், அழுத்தம் எல்லாம் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு ரோமம் முழுவதும் ஒரே தகடாக இறுகிவிடும். வெந்நீரில் போட்ட கம்பளி ஸ்வெட்டர் குழந்தை அளவுக்குச் சுருங்கிப்போவதும் இதே வேலைதான்.

இப்படி இறுகிய துணிக்கு மூன்று குணங்கள். வெட்டினால் ஓரம் பிரியாது. ஆவி காட்டி அழுத்தினால் கொடுத்த வடிவத்தில் நிற்கும். மூன்றாவது, பூச்சிக்கு அது நல்ல சாப்பாடு. முதல் குணத்தை ஜெர்மனியில் ஒரு பெண் பிடித்துக்கொண்டார், இரண்டாவதை இத்தாலியில் இன்னொரு பெண். மூன்றாவதோடு மல்லுக்கட்டுவது சேகரிப்பவர்களான நம் தலையில் விழுந்தது.

பள்ளிக் கைவேலைக்கு வாங்கும் ஃபெல்ட் ஷீட் பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக். கொஞ்சம் வழவழப்பாக, தடவினால் லேசாகக் கீச்சிடுவதுபோல இருக்கும். பழைய கம்பளி ஃபெல்ட் உலர்ந்த, மெத்தென்ற தொடுகை கொண்டது. சந்தேகம் வந்தால், தையலுக்குள்ளிருந்து தானாக உதிர்ந்த ஓர் இழையை மட்டும் இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் பொடிந்தால் கம்பளி. உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் செயற்கை இழை. பொம்மைக்குப் பக்கத்தில் தீக்குச்சியைக் கொண்டுபோக வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சோதனைக்கு ரூபாய் நோட்டைப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கு போதும். இருட்டறையில் அதைப் பொம்மை மீது காட்டுங்கள். வெண்மையைக் கூட்டும் ரசாயனங்கள் துணியிலும் நூலிலும் சோப்பிலும் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அவை இந்த வெளிச்சத்தில் நீல வெள்ளையாகப் பளிச்சிடும். முழுப் பொம்மையும் ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே ஒரு தையல் மட்டும் ஒளிர்ந்தால் அது பிற்காலத்தில் யாரோ பழுது பார்த்த இடமாக இருக்கலாம். உடை மட்டும் ஒளிர்ந்தால் சோப்புப் போட்டுத் துவைத்திருப்பார்கள். விளக்கு ஒன்றையே வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதை ஒரு சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நெற்றியிலிருந்து தாடை வரை விரலை ஓட்டுங்கள்

என் கணக்கில் மொத்த வழிகாட்டியிலும் முக்கியமான படி இதுதான். விரல் நுனியை நெற்றியின் நடுவில் வைத்து, மூக்கின் வழியாகத் தாடை வரை மெல்ல இறக்குங்கள். நடுவே ஒரு தையல் மேடு தட்டுப்படுகிறதா?

தட்டுப்பட்டால் ஜெர்மனியின் ஸ்டைஃப் கம்பெனிப் பொம்மையா என்று பார்க்க வேண்டும். முகம் ஒரே துண்டாக, மூக்கும் கன்னமும் தானாகப் புடைத்து நின்றால் இத்தாலிய முறை. அது டூரினில் பிறந்ததாக இருக்கலாம், அதைப் பார்த்து மற்றவர்கள் செய்ததாகவும் இருக்கலாம். ஒரு தையல் இருப்பதும் இல்லாமலிருப்பதும் இத்தனை சொல்கிறது.

படி 3: தையல் இருந்தால், கீங்கென் ஊருக்குப் போங்கள்

மார்கரெட் ஸ்டைஃப் 1847இல் தெற்கு ஜெர்மனியின் கீங்கென் ஊரில் பிறந்தார். ஒன்றரை வயதில் போலியோ. கால்கள் செயலிழந்தன, வலது கையை அசைப்பதும் சிரமம். தையல் இயந்திரத்தின் சக்கரம் வலப்பக்கம் இருந்ததால் அவரால் சுற்ற முடியவில்லை. இயந்திரத்தையே திருப்பி வைத்துக்கொண்டு இடது கையால் சுற்றினார். ஊரிலேயே உறவுக்காரர் நடத்திய ஃபெல்ட் ஆலை இருந்தது. 1877இல் ஃபெல்ட் உள்பாவாடைகளும் உடைகளும் விற்கும் சிறு தொழிலைத் தொடங்கினார். 1880இல் ஒரு பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து ஃபெல்ட்டில் சின்ன யானைகள் தைத்தார். ஊசி குத்தி வைப்பதற்கான மெத்தைதான் அது. குழந்தைகள் ஊசியை எடுத்துப் போட்டுவிட்டு யானையோடு விளையாடினார்கள். பொம்மைத் தொழில் அங்கே தொடங்கியது.

அந்தக் காலத்து நல்ல பொம்மை என்றால் பீங்கான் தலை. கீழே விழுந்தால் அன்றோடு முடிந்தது. ஃபெல்ட் பொம்மை விழும், உருளும், மறுநாளும் இருக்கும். 1900களின் முதல் பத்தாண்டில் ஸ்டைஃப் மனித உருவப் பொம்மைகளையும் செய்யத் தொடங்கியது. போலீஸ்காரர், சிப்பாய், குடியானவர், கோமாளி என்று ஊரில் காணும் ஆட்கள் எல்லாம் பொம்மையானார்கள். இரண்டு ஃபெல்ட் துண்டுகளை வெட்டி முகத்தின் நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். ஓரம் பிரியாத துணி என்பதால் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. இருந்தும் ஒரு மெல்லிய மேடு நின்றுவிடும். சிலர் அதைக் குறை என்பார்கள். எனக்கு அந்த மேடுதான் அந்த முகங்களின் உயிர். மூக்கு கூராக, முகவெட்டு பக்கவாட்டில் கேலிச்சித்திரம்போல அழுத்தமாக நிற்பது அதனால்தான்.

பாதங்களையும் பாருங்கள். ஸ்டைஃப் ஆட்களில் பலருக்குப் பாதம் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. தாங்கி இல்லாமல் தானாக நிற்பதற்கான ஏற்பாடு. வயிற்றை அழுத்தினால் கெட்டியாக, மெல்லிய நறநறப்போடு இருக்கும். உள்ளே மரச்சுருள், அதாவது நூல்போலச் சீவிய மரம், திணித்திருப்பார்கள். பஞ்சுபோல அமுங்கினால் மறுபடி யோசியுங்கள்.

காதில் உலோகப் பொத்தான் பதிக்கும் வழக்கத்தை மார்கரெட்டின் சகோதரர் மகன்களில் ஒருவரான ஃபிரான்ஸ் 1904இல் கொண்டுவந்தார். முதலில் யானை உருவம், அப்புறம் எழுத்தே இல்லாத வெற்றுப் பொத்தான், அதற்குப் பின் ஸ்டைஃப் என்ற பெயர். போருக்கு முந்தைய பெயர்ப் பொத்தானில் கடைசி எழுத்தின் வால் பின்னோக்கி ஓடி, எழுத்துகளுக்கு அடியில் கோடுபோல நிற்கும். காதில் பொத்தான் இல்லையென்றால் அது இருந்த இடத்தில் சின்ன ஓட்டையாவது இருக்கிறதா என்று பாருங்கள். மார்கரெட் 1909இல் இறந்தார். அதற்குள் அவர் கம்பெனியின் பெயர் டெடி கரடிகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தக் கரடிகளின் புகழ்தான் ஃபெல்ட் மனிதர்களை இன்றுவரை மறைத்து வைத்திருக்கிறது.

படி 4: தையல் இல்லையென்றால், டூரினுக்கு

1886இல் டூரினில் பிறந்த எலெனா கோனிக் ஸ்காவினியை வீட்டில் ‘லென்ச்சி’ என்று கூப்பிடுவார்கள். எலெனா என்ற பெயரின் ஜெர்மன் செல்லச் சுருக்கத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் கணவர் என்ரிகோ வீட்டில் இல்லாத நாள்களில் ஃபெல்ட்டில் பொம்மை செய்யத் தொடங்கினார். 1919இல் கணவனும் மனைவியுமாக அந்தச் செல்லப்பெயரிலேயே தொழிலைத் தொடங்கினார்கள். ஒரு பம்பரம் வணிகச் சின்னமானது. ‘லூடுஸ் எஸ்ட் நோபிஸ் கோன்ஸ்டான்டெர் இன்டுஸ்ட்ரியா’ என்று ஒரு லத்தீன் வாசகமும் சேர்ந்தது. விளையாட்டே எங்களுக்கு ஓயாத உழைப்பு என்று பொருள். லத்தீன் எழுத்தில் ஐந்து சொற்களின் முதலெழுத்துகளையும் சேர்த்தால் லென்ச்சி என்று வரும்.

எலெனாவும் அவருடைய சகோதரரும் சேர்ந்து உருவாக்கிய முறை எளிமையானது: ஃபெல்ட்டை ஆவியில் இளக்கி அச்சில் வைத்து அழுத்தி, முகத்தை ஒரே துண்டாக எடுப்பது. கன்னம், மூக்கு, உதட்டு மேடு எல்லாம் அச்சிலிருந்தே வரும். 1921 என்ற காப்புரிமை ஆண்டு சில அட்டைகளில் அச்சாகியிருக்கும். அச்சிலிருந்து வந்த வெறும் முகத்தில் கண்ணையும் புருவத்தையும் கையால் தீட்டுவார்கள். அதனால் ஒரே அச்சில் வந்த இரண்டு பொம்மைகள்கூட ஒன்றுபோல இருக்காது. ஒன்று கோபித்துக்கொண்டிருக்கும், இன்னொன்று அடுத்த குறும்பை யோசித்துக்கொண்டிருக்கும்.

வரைபவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. அந்தக் காலத்தில் விளம்பரச் சுவரொட்டிகளுக்குப் பேர்போன மார்செல்லோ டுடோவிச், சாந்த்ரோ வக்கெட்டி, ஜீஜி கெஸ்ஸா போன்ற கலைஞர்கள் லென்ச்சிக்கு வேலை செய்தார்கள். உடைகளில் அது தெரியும். மெல்லிய ஆர்கண்டித் துணியில் அடுக்கடுக்கான கொசுவம், அதன் மேல் ஒவ்வோர் இதழாக வெட்டித் தைத்த ஃபெல்ட் பூக்கள். ஓரம் பிரியாத குணம் இங்கேயும் கைகொடுத்தது. சுண்டுவிரல் நகம் அளவு இதழைக்கூட மடிக்காமல் அப்படியே வைத்துத் தைக்கலாம்.

குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் இவற்றை அதிகம் வாங்கினார்கள் என்று தோன்றும், விலை அப்படி. நீண்ட கை கால்களோடு சோபாவிலும் கட்டிலிலும் சாய்த்து வைக்கும் பெண் பொம்மைகள் பெரியவர்களை மனதில் வைத்தே செய்தவை. அரபு உடையில் திரை நடிகர் வாலண்டினோ, குத்துச்சண்டை வீரன், கோல்ஃப் ஆடும் பையன், பல நாட்டு உடைகளில் பெண்கள் என்று பட்டியல் நீளும். பல நாட்டு மக்களைக் காட்டிய பொம்மைகள் சிலவற்றை இன்று பார்த்தால் முகம் சுளிக்கத் தோன்றும். அந்தக் கால ஐரோப்பா மற்றவர்களை எப்படிப் பார்த்தது என்பதும் இந்த வரலாற்றில் சேர்த்தியே, அதை மூடி மறைத்துப் பயனில்லை.

1928இல் கம்பெனி பீங்கான் சிலைகளிலும் இறங்கியது. அழகான சிலைகள், ஆனால் செலவு அதிகம். அடுத்த ஆண்டே அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. விலையுயர்ந்த பொம்மை வாங்கும் கூட்டம் கரைந்தது. 1930களில் கம்பெனி கரெல்லா குடும்பத்தின் கைக்குப் போனது. பொம்மைகள் தொடர்ந்து வந்தன, 2002இல் மூடும் வரை. சேகரிப்பவர்கள் உயிரை விடுவது ஸ்காவினிகள் காலத்துப் பொம்மைகளுக்குத்தான்.

படி 5: லென்ச்சிதானா? நெருங்கிப் பாருங்கள்

இங்கே அவசரம் வேண்டாம். நல்ல பகல் வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்கள் பெரும்பாலும் நேரே பார்க்காது, பக்கவாட்டில் ஓரப்பார்வை பார்க்கும். கருவிழியில் வெள்ளைப் புள்ளிகள் வைத்திருப்பார்கள், வெளிச்சம் பட்டுப் பளபளப்பதுபோல. உதட்டில் மேலும் கீழும் ஒரே நிறம் இருக்காது. மேலுதடு அழுத்தமான சிவப்பு, கீழுதடு ஒரு பிடி வெளுப்பு, அதில் இன்னும் வெளிறிய இரண்டு சின்னப் புள்ளிகள். கீழுதடு ஈரமாக இருப்பதுபோன்ற தோற்றம் அந்த இரண்டு புள்ளிகளால்தான் வருகிறது. நகல் செய்தவர்கள் அதிகம் கோட்டைவிட்ட இடமும் இதுவே.

கையை விரித்துப் பாருங்கள். நடு இரண்டு விரல்கள் ஒன்றாகத் தைத்திருக்கும், மற்றவை தனித்தனி. காது இரண்டு அடுக்கு ஃபெல்ட். முடியைத் தூக்கிப் பின்கழுத்தைப் பார்த்தால் தலையை மூடிய இடத்தில் ஜிக்ஜாக் தையல் ஓடும். முடி பெரும்பாலும் மொஹேர், அதாவது அங்கோரா ஆட்டின் ரோமம். கழுத்து திரும்ப வேண்டும். திருப்பிப் பார்க்கும்போது மெதுவாக, பழைய ஃபெல்ட் அங்கேதான் முதலில் விடும்.

ஒன்றிரண்டு அடையாளம் இல்லாததற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ‘மாஸ்கோட்’ என்ற ஏறக்குறைய ஒன்பது அங்குலச் சின்னப் பொம்மைகளில் வேலை சுருக்கமாகவே இருக்கும். ஐந்தாறு அடையாளங்களை ஒன்றாகச் சேர்த்து எடை போடுங்கள்.

படி 6: ஒத்த முகங்களைத் தனியே பிரியுங்கள்

லென்ச்சி விற்ற வேகத்தைப் பார்த்து இத்தாலியிலேயே பலர் அதே பாணியில் இறங்கினார்கள். பிரான்ஸில் ரெனால் பொம்மைகள் வந்தன. இவற்றில் நல்ல வேலைப்பாடும் உண்டு. லென்ச்சி விலைக்கு வாங்காதவரை இவற்றை வாங்குவதில் தவறே இல்லை.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் ஹார்பர்ன் பகுதியில் சாட் வேலி கம்பெனி 1920களில் ஃபெல்ட் முகங்கள் செய்தது. ஓவியர் மேபல் லூசி அட்வெல் வரைந்த கொழுகொழு குழந்தைகள் அங்கே பொம்மைகளாயின. 1930களில் இளவரசிகள் எலிசபெத்தும் மார்கரெட்டும் பொம்மையானார்கள். அங்கே வடிவமைப்பாளராக இருந்த நோரா வெல்லிங்ஸ் 1926இல் விலகி, சகோதரர் லெனார்டோடு ஷ்ரோப்ஷயரின் வெல்லிங்டன் ஊரில் சொந்தமாகத் தொடங்கினார். கப்பல்களில் பயணிகளுக்கு விற்ற அவருடைய மாலுமிப் பொம்மைகள் இன்றும் பழைய சாமான் சந்தைகளில் குவியலாகக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை வெல்வெட் என்பதைக் கவனியுங்கள். விலை குறைவு, கிடைப்பது எளிது, முகத்தில் சிரிப்பு. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இந்த மாலுமிகளைத்தான்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ஜெர்மனியின் கேத்தே க்ரூசே பொம்மைகளை ஃபெல்ட் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அவற்றின் பழைய முகங்கள் நெய்த பருத்தித் துணி மீது வண்ணம் பூசியவை. பூதக்கண்ணாடி வைத்தால் பாவும் ஊடையும் தெரிந்துவிடும்.

படி 7: இப்போது லேபிள்

லென்ச்சியில் தேட வேண்டியவை: உடையில் மறைவாகத் தைத்த சின்ன உலோகப் பொத்தான், நெய்த ரிப்பன், தொங்கும் காகித அட்டை, உள்ளங்காலில் மை முத்திரை. சாட் வேலியும் நோரா வெல்லிங்ஸும் துணி லேபிள் வைத்தார்கள், உள்ளங்காலில் பார்ப்பது நல்லது. லேபிளைத் தைத்த நூலையும் கவனியுங்கள். பழைய லேபிளைப் பளபளக்கும் புது பாலியஸ்டர் நூல் பிடித்துக்கொண்டிருந்தால் கேள்வி கேளுங்கள். ஊதா விளக்கு இங்கேயும் உதவும்.

1970களின் கடைசியிலிருந்து லென்ச்சி கம்பெனியே பழைய மாதிரிகளைச் சேகரிப்பவர்களுக்காக மறுபடி செய்தது. பெட்டி, எண், சான்றிதழ் எல்லாம் இருக்கும். அவை போலி கிடையாது, ஆனால் 1925ஆம் ஆண்டுப் பொம்மையும் கிடையாது. சான்றிதழைத் தொலைத்துவிட்டு ‘பாட்டி காலத்துப் பொம்மை’ என்று விற்பவர்களிடம்தான் ஜாக்கிரதை. கன்னச் சிவப்பு துளிகூட மங்காமல், கை மடிப்பில் அழுக்கே இல்லாமல் இருந்தால் அந்தப் பாட்டி அதோடு விளையாடவே இல்லை என்று அர்த்தம்.

படி 8: விலை எங்கே நிற்கிறது

முகம் முதலில், நிறம் இரண்டாவது, அசல் உடை மூன்றாவது. கன்னத்தில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று விழுந்தால் விலையில் பெரும்பகுதி போய்விடும். முதுகில் அதே ஓட்டை இருந்தால் பேரம் பேசலாம். உடையை விலக்கி உள்ளே இருக்கும் ஃபெல்ட்டைப் பாருங்கள். வெளியே மங்கிய ரோஜா நிறமும் மடிப்புக்குள் அடர் சிவப்பும் இருந்தால் பல வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பொம்மை அது.

கழுவிய பொம்மையை வாங்காதீர்கள். அச்சில் எழுந்த முகம் நீர் பட்டால் தளரும், மூக்கு அமுங்கும். ஒருமுறை அமுங்கிய முகத்தைப் பழையபடி எழுப்புவது மிகக் கடினம். இதே காரணத்தால் நீங்களும் கழுவாதீர்கள். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, வாக்யூம் கிளீனர் வாயில் வலைத்துணி கட்டிக் குறைந்த வேகத்தில் இழுத்தால் போதும்.

படி 9: பூச்சியோடு மல்லுக்கட்டு

பறக்கிற அந்துப்பூச்சி எதையும் தின்னாது. தின்பது அதன் புழு. ரோமத்தில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் அதற்கு உணவு, வியர்வையும் எண்ணெயும் பட்ட இடம் இன்னும் ருசி. இருட்டும் அசையாத காற்றும் அதற்குப் பிடிக்கும். அதாவது, பத்திரமாக இருக்கட்டும் என்று நாம் பீரோவின் அடியில் வைக்கும் இடம். மாதம் ஒருமுறை எடுத்து உதறிப் பாருங்கள். மணல்போன்ற துகள், வெள்ளை நூலாம்படை, மேல்பரப்பில் மேய்ந்த தடம் இவைதான் அறிகுறி. அந்துருண்டை வேண்டாம். வாடை துணியில் ஏறிவிடும், நச்சு நமக்கும் ஆகாது.

புதிதாக வாங்கிய எந்தப் பொம்மையையும் நேராக மற்றவற்றோடு வைக்காதீர்கள். சில வாரம் மூடிய பாலிதீன் பையில் தனியாக இருக்கட்டும். புழு தெரிந்தால், பையிலிருந்து காற்றை வெளியேற்றி இறுக மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். கண்ணாடிக் கண்ணோ, மரத்திலோ காகிதக் கூழிலோ செய்த பகுதியோ உள்ள பொம்மைக்கு இதைச் செய்யாமல், துணிப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோவது நல்லது. வெளிச்சத்தைப் பொறுத்தவரை, அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவே அனுமதிக்கின்றன. வீட்டுக் கணக்கில், திரை போட்ட அறையின் மங்கல் வெளிச்சம்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் ஆசையில் பையைப் பிரித்துவிடாதீர்கள். குளிர்ந்த ஃபெல்ட்டில் அறைக் காற்றின் ஈரம் வேர்க்கும், முகம் நனையும். ஒரு முழு நாள் அப்படியே மேசை மீது கிடக்கட்டும். பையின் வெளிப்புறம் தொட்டால் குளிராமல், துளி ஈரமும் இல்லாமல் ஆன பிறகு திறந்து, மென்தூரிகையால் செத்த புழுவையும் கூட்டையும் தட்டிவிடுங்கள்.